போக்கர் மேசையில் வாயைத் திறக்கும் முன்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஆறு பேர் கூடிப் போக்கர் ஆடுகிறோம். பணம் கிடையாது. ஆளுக்கு 200 புளியங்கொட்டை. இரவு ஒன்பது மணிக்கு எவர் கையில் கொட்டை குறைவாக இருக்கிறதோ அவர் அடுத்த வாரம் எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுவர வேண்டும். நான் சேர்ந்த புதிதில் தொடர்ந்து ஐந்து வாரம் டீ போட்டேன்.

ஐந்தாவது வாரத்து ஆட்டம் ஒன்று இன்னும் மறக்கவில்லை. என் கையில் கிளாவர் ஏழும் ஆறும். பொதுச் சீட்டில் ஏற்கனவே இரண்டு கிளாவர் கிடந்தன. இன்னொன்று விழுந்தால் ஃப்ளஷ், அதாவது ஐந்தும் ஒரே இனச் சீட்டு, என்று காத்திருந்தேன், விழவில்லை. ஐந்து பொதுச் சீட்டும் திறந்த பிறகு என்னிடம் ஒரு ஜோடிகூட இல்லை. நடுவில் 60 கொட்டை குவிந்திருந்தது. எதிரே, வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். நான் 40 கொட்டையைத் தள்ளிவிட்டு, எங்கோ பார்த்த காணொளியின் நினைப்பில், "நன்றாக யோசித்துக் கால் செய்யுங்கள் சார், பிறகு வருத்தப்படக் கூடாது" என்றேன். (கால் என்றால் பந்தயத்தை ஏற்பது.) அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் இருந்த தட்டைப் பார்த்தார்.

"தம்பி, நல்ல சீட்டு வந்தால் நீங்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டே பேசுவீர்கள். இப்போது பாதி முறுக்கு தட்டிலேயே கிடக்கிறது. கால்."

அவரிடம் இருந்தது வெறும் இரண்டு எட்டு, ஒரே ஒரு ஜோடி. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்.

பேச்சால் எதிராளியைத் திசைதிருப்பலாம் என்று கேள்விப்பட்டுப் போக்கருக்கு வருகிற எல்லோரும் முதலில் செய்கிற தவறு இதுதான்: கையில் ஒன்றும் இல்லாதபோது மட்டும் பேசுவது. அன்று அந்தப் பெரியவரிடம் தோற்றதிலிருந்து நான் கற்றுக்கொண்டதை, கற்ற வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். ஆட்டத்தின் அடிப்படை உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: டெக்சஸ் ஹோல்டெம் என்ற வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாகக் கிடைக்கும். மேசை நடுவில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று என ஐந்து பொதுச் சீட்டுகள் திறக்கப்படும். ஏழில் சிறந்த ஐந்தை வைத்து வெற்றி. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் வைக்கலாம். அதை ஏற்பது கால், கூட்டுவது ரெய்ஸ், சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகுவது ஃபோல்டு. (கால், கால் என்று நாங்கள் கத்துவதைக் கேட்டு முதல் வாரம் என் பாட்டி, யாருக்குக் காலில் அடிபட்டது என்று மாடிக்கே ஏறி வந்துவிட்டார்.)

முதல் வேலை: எதைப் பேசக் கூடாது என்று தெரிந்துகொள்வது

வீட்டு ஆட்டத்தில் விதி நீங்கள் பேசி வைத்துக்கொள்வதுதான். ஆனால் போட்டிகளில் பேச்சுக்கு வேலி உண்டு. உலகின் பல போட்டிகள் பின்பற்றுகிற டூர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷன் விதிகளின்படி, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது கையில் இருக்கும் சீட்டைப் பற்றியோ கவிழ்த்துவிட்ட சீட்டைப் பற்றியோ பேசக் கூடாது. இன்னொருவருக்கு யோசனை சொல்லக் கூடாது. ஒரு கைக்கு ஒரு ஆட்டக்காரர்தான். "நான் கவிழ்த்ததில் ஒரு ராஜா இருந்தது" என்று பெருமூச்சு விடுவதுகூட, இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் இருவரில் ஒருவருக்கு உதவி, மற்றவருக்குத் துரோகம். லாஸ் வேகஸில் நடக்கும் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரில், போட்டியின் கடைசி இருவர் மட்டும் மிஞ்சியிருக்கும்போது தங்கள் சீட்டைப் பற்றித் தாராளமாகப் பேசலாம் என்று விலக்கு இருக்கிறது. நீங்கள் காணொளிகளில் பார்க்கிற புகழ்பெற்ற வாய்ச்சண்டைகள் சில கடைசி இருவர் மட்டும் ஆடும்போது நடந்தவை. அதைப் பார்த்துவிட்டு, ஐந்து பேர் ஆடும் கையில் "என்னிடம் ஏஸ் ஜோடி" என்று சொன்னால் தண்டனை வாங்குவீர்கள்.

இன்னொன்றும் புதியவர்களைக் கவிழ்க்கும். உங்கள் முறை வரும்போது வாயால் சொன்ன சொல் உங்களைக் கட்டும். கொட்டையைத் தள்ளாமலே "ரெய்ஸ்" என்று சொல்லிவிட்டால் ரெய்ஸ்தான். அதனால் யோசிக்கும்போது "கால் செய்யலாமா, ரெய்ஸ் செய்யலாமா" என்று முணுமுணுக்காதீர்கள். கால், ரெய்ஸ், ஃபோல்டு என்ற மூன்று சொற்களையும் முடிவு எடுத்த பிறகே உச்சரிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்க்கிறேன்" என்று சுற்றி வளைத்துப் பேசினால் சிக்கல் இல்லை.

பணம் வைத்து ஆடுவதைப் பற்றி ஒரே வார்த்தை. தமிழ்நாடு அரசு 2022-இல் கொண்டுவந்த இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்திலிருந்து ரம்மியையும் போக்கரையும் திறன் விளையாட்டு என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விலக்கியது. அந்தச் செய்தியோடு நின்றுவிட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திறனோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி இணையத்தில் ஆடும் விளையாட்டு எதுவும் கூடாது என்று 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் நிறைவேற்றிவிட்டது. எங்களுக்குப் புளியங்கொட்டை போதும். பேச்சைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல முதல் வேறில்லை. தோற்றாலும் குழம்புக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

பிறகு: நான்கு வாரம் வாயை மூடிக்கொள்வது

இது தண்டனை போலத் தோன்றும். நான் செய்துபார்த்தேன். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, ஆட்டம் முடிந்து கீழே இறங்கியதும் எழுதினேன். யார் எப்போது பேசினார்கள், சீட்டைத் திறந்தபோது என்ன இருந்தது. வேறு ஒன்றும் வேண்டாம். மூன்றாவது வாரமே ஒரு வடிவம் தெரிந்தது. எங்கள் ஆறு பேரில் நான்கு பேர் நல்ல சீட்டு வந்தால் இலகுவாகப் பேசினார்கள். கிரிக்கெட், தண்ணீர் லாரி, பையனின் கல்லூரி எல்லாம் வந்தது. அதே ஆள் பிளஃப் செய்யும்போது, அதாவது இல்லாததை இருப்பதாகக் காட்டும்போது, சிலையாகிவிடுவார். யாராவது கேள்வி கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் வரும். தொண்டையைச் செருமுவார். தண்ணீர் குடிப்பார்.

இதற்குக் காரணம் பெரிய மர்மம் இல்லை. பொய்யைக் காப்பாற்றும் வேலையில் மனம் முழுவதும் மாட்டிக்கொண்டிருக்கிறது. சளசளவென்று பேச மிச்சம் இல்லை. பயத்தில் வாய் உலர்கிறது. உலர்ந்த வாயால் முறுக்கு தின்ன முடியாது. பெரியவர் என்னைப் படித்தது அப்படித்தான்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. பேசுகிற எதிராளி பெரும்பாலும் பலமாக இருக்கிறார். பேசுவதை நிறுத்திய எதிராளியைக் கவனிக்க வேண்டும். ஒருவர் பேசினாரா இல்லையா என்பதைவிட, வழக்கத்திலிருந்து மாறினாரா என்பதே முக்கியம். எங்கள் மாடியில் ஒருவர் எப்போதுமே பேசமாட்டார். அவர் மௌனத்தில் படிக்க ஒன்றுமில்லை. ஒருநாள் அவர் திடீரென்று "மழை வரும் போலிருக்கிறது" என்றார். நான் வானத்தைப் பார்க்கவில்லை, சீட்டைக் கவிழ்த்துவிட்டேன். அவரிடம் நான்கு ஜாக்கி.

ஒரே மாதிரி பேசப் பழகுதல்

நீங்கள் மற்றவர்களைப் படிப்பதுபோல மற்றவர்களும் உங்களைப் படிப்பார்கள். அதனால் ஏமாற்றும் பேச்சுக்கு முன்னால் ஏமாற்றாத பேச்சு வேண்டும். நல்ல சீட்டு, கெட்ட சீட்டு, நடுத்தரம் எல்லாவற்றிலும் ஒரே வேகத்தில், ஒரே குரலில், ஒரே அளவு பேசுவது. கேட்கச் சுலபம். நடக்க மூன்று மாதம் ஆயிற்று.

எனக்கு உதவியவை இவை. பந்தயம் வைப்பதற்கு முன் ஒரு மூச்சு முழுதாக விடுவேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசினால் குரல் மெலிந்து மேலே ஏறும். வைத்த பிறகு கையை மேசை விளிம்பில் வைப்பேன், எப்போதும் அதே இடத்தில். எல்லா ஆட்டத்திலும் கேட்கும்படி ஒரு சாதாரணக் கேள்வி வைத்துக்கொண்டேன்: "உங்களிடம் எவ்வளவு கொட்டை மிச்சம்?" ஏஸ் ஜோடி இருந்தாலும் கேட்பேன், குப்பை இருந்தாலும் கேட்பேன். "நான் கவிழ்த்தால் சீட்டைக் காட்டுவீர்களா?" என்று யாராவது கேட்டால் எப்போதும் ஒரே பதில், "பார்க்கலாம்." இந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் விலகுவதற்குச் சமாதானம் தேடுகிறார். உங்கள் பதில் ஒரு நாள் "கட்டாயம்" என்றும் மறுநாள் "முடியாது" என்றும் மாறினால், அந்த மாற்றத்திலிருந்தே அவர் விடையை எடுத்துக்கொள்வார்.

முறுக்கு விஷயத்துக்கும் தீர்வு கண்டேன். சீட்டு எதுவானாலும் கடிப்பது. மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ ஆகிறது.

எதற்காகப் பேசுகிறீர்கள்?

வாயைத் திறப்பதற்கு முன் ஒரு கணக்கு. எதிராளி விலக வேண்டுமா, ஏற்க வேண்டுமா? இதை முடிவு செய்யாமல் பேசுவது வெறும் ஓசை.

விலக வைக்க வேண்டுமென்றால் எத்தனை முறை அது பலிக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். குவியலில் 60 கொட்டை. நீங்கள் 30 வைக்கிறீர்கள். மூன்றில் ஒருமுறை எதிராளி விலகினாலே நட்டமில்லை. 60 வைத்தால் இரண்டில் ஒருமுறை. நான் அன்று 40 வைத்தேன்; பத்தில் நான்கு முறை பலித்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பேச்சின் வேலை மிகச் சிறியது என்று புரியும். ஏற்பதா விடுவதா என்று சரிபாதியில் ஊசலாடிக்கொண்டிருக்கும் ஆளை ஒரு விரலால் தொடுவதுதான் அது. முடிவெடுத்துவிட்ட ஆளை எந்தப் பேச்சும் அசைக்காது. மூன்று ராஜா வைத்திருப்பவரிடம் மணிக்கணக்காகப் பேசுங்கள், கேட்டுவிட்டுக் கால் செய்வார்.

புதியவர்கள் எல்லோரும் விலக வைக்கவே ஆசைப்படுகிறார்கள். அதில்தான் வீரம் தெரிகிறது. என் அனுபவத்தில் ஏற்க வைப்பது பத்து மடங்கு எளிது. மனிதர்களுக்கு மூடியிருக்கும் சீட்டைப் பார்க்க வேண்டும். விலகிவிட்டால் பார்க்க முடியாது என்ற அரிப்பு எல்லோரிடமும் இருக்கிறது. தியாகராய நகர்ப் புடவைக் கடையில், "வாங்கவே வேண்டாம் அம்மா, சும்மா பார்த்துவிட்டுப் போங்கள்" என்று சொல்லும் விற்பனையாளரை நினைத்துப் பாருங்கள். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் கழித்துப் பையோடு வெளியே வருகிறோம்.

ஆகவே பேச்சைப் பழக விரும்பினால் நல்ல சீட்டோடு பழகுங்கள். அப்போது உடம்பு உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லாது. சறுக்கினாலும் பெரிய இழப்பு இல்லை.

1998-இல் நடந்தது

இந்த இடத்தில் ஒரு பழைய ஆட்டத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். லாஸ் வேகஸ், பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ என்ற சூதாட்ட விடுதி, 1998-ஆம் ஆண்டு வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரின் இறுதி. முதல் பரிசு 10 லட்சம் டாலர். கடைசி இருவர்: வியட்நாமில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த ஸ்காட்டி நுயென், எதிரே கெவின் மெக்பிரைட். பொதுச் சீட்டுகள் ஐந்தும் திறந்தாயிற்று. மூன்று எட்டு, இரண்டு ஒன்பது. மேசையிலேயே ஒரு ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, இன்னொரு எண்ணில் இரண்டு) கிடக்கிறது. மெக்பிரைட் கையில் ராணியும் பத்தும். அவை எதற்கும் உதவாது. அவருடைய சிறந்த ஐந்து சீட்டு மேசையில் கிடப்பவைதான். நுயென் கையில் ஒரு ஒன்பது இருக்கிறது. அதனால் அவருக்கு மூன்று ஒன்பது, இரண்டு எட்டு. மேசையில் கிடப்பதைவிடப் பெரியது.

நுயென் எதிராளியின் மொத்த முதலையும் கேட்கும்படி பந்தயம் வைத்தார். மெக்பிரைட் யோசித்தார். அவர் ஏற்றால் அதிகபட்சம் கிடைப்பது பாதிக் குவியல். நுயெனிடமும் ஒன்றும் இல்லையென்றால் இருவரும் மேசைச் சீட்டையே ஆடிப் பங்கிட்டுக்கொள்வார்கள். முழுதாக வெல்ல வழியே இல்லை. அந்த யோசனைக்கு நடுவே நுயென் சொன்ன வாசகம் போக்கர் ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: நீ கால் செய்தால் எல்லாம் முடிந்துவிடும், பேபி.

மெக்பிரைட் கால் செய்தார். மேசையை ஆடுகிறேன் என்றார். எல்லாம் முடிந்துவிட்டது.

இதில் நுயென் சொன்னதில் ஒரு எழுத்தாவது பொய்யா? நூற்றுக்கு நூறு உண்மை. ஏற்றால் முடிந்துவிடும் என்றார், முடிந்தது. ஆனால் சிரித்த முகத்தோடு, சவால்போலச் சொல்லப்பட்ட அந்த உண்மை எதிரே இருப்பவரின் காதில் வேறாக விழுந்தது. பயமுறுத்துகிறான், நான் விலக வேண்டும் என்று நினைக்கிறான், ஆகவே ஏற்க வேண்டும். மெக்பிரைட் மனத்துக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாதுதான். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் எனக்கு இப்படித்தான் ஓடியிருக்கும்.

எட்டு ஆண்டு கழித்து, 2006-இல், 8,773 பேர் கலந்துகொண்ட அதே போட்டியில் ஜேமி கோல்டு 1.2 கோடி டாலர் வென்றார். ஓயாத பேச்சுக்காரர். கடைசிக் கையில் முதல் மூன்று பொதுச் சீட்டு ராணி, 8, 5. அவரிடம் ராணியும் ஒன்பதும். எதிரே பால் வாசிக்காவிடம் இரண்டு பத்து. மேல் ஜோடி தன்னிடம் இருப்பதாகக் கோல்டு வாய்விட்டே சொன்னார். கூட இருந்த ஒன்பதைக் கொஞ்சம் பெரிதாக்கிச் சொன்னாரே தவிர, ராணி ஜோடி நிஜம். வாசிக்கா நம்பவில்லை. ஏற்றார்.

இந்த இரண்டு ஆட்டத்தையும் பார்த்த பிறகு என் நோட்டைத் திரும்பப் படித்தேன். எங்கள் மாடியிலும் அதுவேதான். மேசையில் பேசப்படுவதெல்லாம் பொய் என்று எல்லோரும் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தில் பொய் சொல்வது வீண் உழைப்பு. உண்மையைச் சொல்லுங்கள், அதை நம்பாமல் அவர்களே ஏமாந்துகொள்வார்கள்.

யாரிடம் சொல்வது?

எல்லோரிடமும் அல்ல. சீட்டைத் தவிர வேறெதையும் கவனிக்காதவர் ஒருவர் எல்லா மேசையிலும் இருப்பார். கைபேசியைப் பார்த்துக்கொண்டு, ஜோடி இருந்தால் ஏற்பார், இல்லையென்றால் விலகுவார். அவரிடம் பேசுவது சுவரோடு பேசுவது. எதையும் ஏற்கும் ஆளிடம் பிளஃப் செய்யவே கூடாது, பேச்சோடும் சரி, பேச்சில்லாமலும் சரி. அவரிடம் நல்ல சீட்டோடு பந்தயம் வைத்தால் போதும், வாய்க்கு வேலையே இல்லை.

பேச்சு பலிக்கிற ஆட்கள் இருவகை. ஒருவர், தான் ஏமாந்துவிடக் கூடாது என்ற ரோஷக்காரர். அவரிடம் "விட்டுவிடுங்கள்" என்று சொன்னால் விடமாட்டார். இன்னொருவர், விலகக் காரணம் தேடுகிற பயந்த சுபாவம். அவரிடம் அதட்டலாகப் பேசினால் காரியம் கெடும். விலகுவதை மரியாதையான செயலாக்கிக் கொடுக்க வேண்டும். "இந்தச் சீட்டு விழுந்த பிறகு யாராக இருந்தாலும் விடத்தான் சார் செய்வார்கள்" என்று சாதாரணமாக ஒரு வரி. தோற்றவர் என்ற பெயரில்லாமல் விவரமானவர் என்ற பெயரோடு அவர் வெளியேறட்டும்.

யாரிடமாக இருந்தாலும், சொல்வது ஒரே ஒரு வாக்கியம். இரண்டாவது வாக்கியம் எப்போதும் முதலாவதுக்கு விளக்கம் சொல்லும்; விளக்கம் சொல்கிறவன் கவலைப்படுகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன்.

முன்கூட்டியே விதைப்பது

ஒரு வாக்கியம் தனியாக நின்று வேலை செய்யாது. அதற்கு முன் உங்களைப் பற்றி எதிராளியின் மனத்தில் ஒரு படம் இருக்க வேண்டும். அந்தப் படத்தைச் சின்னக் குவியல்களில் வரைந்துவைக்க வேண்டும்.

நான் பெரியவருக்குச் செய்ததை அப்படியே சொல்கிறேன். ஒரு மாலையின் தொடக்கத்தில், குவியலில் ஒன்பது கொட்டை இருந்தபோது, ஒன்றுமில்லாத கையோடு ஆறு வைத்தேன். "சார், விட்டுவிடுங்கள், என்னிடம் நிஜமாகவே இருக்கிறது" என்றேன். அவர் விட்டார். சீட்டைத் திருப்பிக் காட்டினேன்: இரண்டும் ஐந்தும். மேசையே சிரித்தது. பெரியவரும் சிரித்தார், ஆனால் காதுமடல் சிவந்தது. (காட்டினால் எல்லோருக்கும் காட்டுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் ரகசியமாகக் காட்டுவது போட்டிகளில் ஒத்துக்கொள்ளப்படாது, வீட்டிலும் சண்டை வரும்.) அரை மணி நேரம் கழித்து இன்னொரு சிறிய குவியலில் அதே வாசகம், அதே குரல், அதே குப்பை. இந்த முறை அவர் ஏற்றார், நான் எட்டுக் கொட்டை இழந்தேன். அந்த எட்டுக் கொட்டை விதைநெல்.

எட்டரை மணிக்கு எனக்கு இரண்டு ஒன்பது வந்தது. முதல் மூன்று பொதுச் சீட்டு ராணி, ஒன்பது, நான்கு. மற்றவர்கள் விலகிவிட்டார்கள், பெரியவரும் நானும் மட்டும். அடுத்து இரண்டு, கடைசியாக ஆறு. அவர் ஒவ்வொரு கட்டத்திலும் ஏற்றுக்கொண்டே வந்தார், ஆகவே அவரிடம் ராணி இருக்கிறது என்று கணித்தேன். குவியல் 90. என்னிடம் மிச்சம் 85. எல்லாவற்றையும் தள்ளினேன். முறுக்கை ஒரு கடி கடித்து மென்றேன்.

அவர் ராணியைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஒரு மூச்சு விட்டுவிட்டு, "சார், விட்டுவிடுங்கள். என்னிடம் நிஜமாகவே இருக்கிறது" என்றேன்.

மூன்றாவது முறை அதே வாசகம். அவர் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு வந்தது. "தம்பி, ஒரே மருந்தை மூன்று முறை கொடுக்கக் கூடாது. கால்." ஏஸும் ராணியும் திருப்பினார். நான் இரண்டு ஒன்பதைத் திருப்பியதும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் உண்மையைத்தான் சொன்னேன் என்று எவ்வளவு சொல்லியும் அடுத்த வாரம் டீயில் எனக்கு மட்டும் சர்க்கரை இல்லை.

இந்த ஆட்டத்தில் எதிராளியிடம் இரண்டாம் தரமான ஒரு நல்ல சீட்டு இருந்தது என்பதைக் கவனியுங்கள். அவரிடம் ஒன்றும் இல்லாதிருந்தால் என் வசனத்துக்கு மதிப்பே இல்லை. பேசும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் பாதிப் பங்கு அவர் கையைச் சரியாகக் கணிப்பதில் இருக்கிறது. கனடாக்காரரான டேனியல் நெக்ரானு அரட்டையடித்துக்கொண்டே எதிராளியின் சீட்டை வாய்விட்டு ஊகித்துச் சொல்லுவதில் பெயர்பெற்றவர்; சொல்லிவிட்டு அந்த முகத்தைப் பார்ப்பார். அவருடைய பேச்சில் பாதி, கேட்பதற்காக விடுகிற தூண்டில். புதியவர்கள் அவரைப் பார்த்துப் பேச்சை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள், கேட்பதை விட்டுவிடுகிறார்கள்.

உங்களிடம் யாராவது பேசினால்

சுருக்கம் போதும். சொன்னதைக் கேட்காதீர்கள், பந்தயத்தின் அளவையும் பொதுச் சீட்டையும் பாருங்கள். அவர் முதல் கட்டத்திலிருந்து ஆடிய விதம் ஒரு கதை சொல்லும்; வாய் ஒரு கதை சொல்லும். இரண்டும் பொருந்தாதபோது கொட்டைகள் சொல்லும் கதையை நம்புங்கள். பெருமூச்சு விட்டு, தோளைக் குலுக்கி, "சரி, என்ன ஆனால் என்ன" என்று அலுத்துக்கொண்டு பெரிய பந்தயம் வைப்பவரிடம் பெரும்பாலும் பெரிய சீட்டு இருக்கிறது. இவ்வளவு அலுப்பாக இருந்தால் ஏன் வைக்கிறார்? பதில் பேசக் கட்டாயம் இல்லை. சிரித்துவிட்டுச் சும்மா இருப்பது எல்லாப் போட்டியிலும் உங்கள் உரிமை.

எல்லை

ஏமாற்றுவது ஆட்டத்தின் பகுதி, களவாடுவது அல்ல. ஆட்டம் முடிந்து சீட்டைத் திறக்கும் நேரத்தில், இல்லாத ஃப்ளஷை இருக்கிறது என்று அறிவித்து, எதிராளி தன் சீட்டைத் தூக்கி எறிந்த பிறகு "மன்னிக்கவும், தவறாகப் பார்த்துவிட்டேன்" என்பது களவு. பந்தயம் வைப்பதுபோல் கையை நீட்டி, எதிராளி முகம் மாறுவதைப் பார்த்துவிட்டுப் பின்வாங்குவதும் அதே ரகம். எங்கள் மாடியில் ஒருவர் இதை இரண்டு முறை செய்தார். மூன்றாவது வாரம் அவருக்கு யாரும் போன் செய்யவில்லை.

அளவும் ஒரு எல்லைதான். 2016-இல் லண்டனைச் சேர்ந்த வில்லியம் கஸூஃப் அதே வேர்ல்ட் சீரிஸில் ஒன்பதைவிடப் பெரிய சீட்டில்லாத கையோடு நிமிடக்கணக்கில் பேசிப் பேசியே, ராணி ஜோடி வைத்திருந்த ஒரு பெண் ஆட்டக்காரரை விலக வைத்தார். பேச்சின் வலிமைக்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நடுவர் எச்சரித்தார், தண்டனையாக ஒரு சுற்று வெளியே உட்கார வைத்தார். மேசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எரிச்சலடைந்தார்கள். கடைசியில் அவரிடம் ராஜா ஜோடி, அதே மேசையில் ஆடிய கிரிஃபின் பெங்கரிடம் ஏஸ் ஜோடி. 17-ஆம் இடத்தோடு வெளியேறினார். ராஜா ஜோடி ஏஸ் ஜோடியிடம் மாட்டியது அதிர்ஷ்டக்கேடு, பேச்சின் குற்றம் இல்லை. ஆனால் அவர் எழுந்தபோது அந்த மேசையில் யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை. எனக்குப் பேச்சு பிடிக்கும். அந்தக் காணொளியைப் பார்க்கும்போது எனக்கே காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. வாரா வாரம் அதே ஐந்து பேரோடு ஆடுகிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். உடல், குடும்பம், சம்பளம், சாதி, ஊர் இவற்றில் எதையும் மேசைக்குக் கொண்டுவராதீர்கள். தோற்றவரைப் பார்த்து, ஏன் ஏற்றீர்கள் என்று விளக்கம் கேட்காதீர்கள். நான் ஒருமுறை கேட்டேன். சர்க்கரையில்லாத டீ இரண்டு வாரம் நீடித்தது.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ராணி ஜோடி. பொதுச் சீட்டில் பயப்படும்படி ஒன்றுமில்லை. பெரியவர் 70 கொட்டையைத் தள்ளினார். பிறகு என் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பல் செட். இத்தனை மாதத்தில் முறுக்கைத் தொட்டுப் பார்த்ததில்லை. "தம்பி, இது எந்தக் கடையில் வாங்கியது?" என்று கேட்டார். நான் மூன்று நிமிடம் யோசித்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராணிகள் இரண்டையும் கவிழ்த்தேன். அவர் தன் சீட்டை யாருக்கும் காட்டாமல் கட்டுக்குள் செருகினார், கடிக்காத முறுக்கைத் திரும்பவும் என் தட்டில் வைத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குக் கலைக்கத் தொடங்கினார்.